மூக்கம்மா பேருக்கு யார் குரல்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், பழனி மலைத்தொடரின் வரைபடத்துக்குக் கீழே, டாக்டர் இராமலிங்கம். அமைப்பின் தமிழ்நாட்டு இயக்குநர் அவர். முதல் நாள் மாலைதான் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி வந்திருந்தார், காதை மூடிய மப்ளரை இன்னும் அவிழ்க்கவில்லை. அவருக்கு வலப்பக்கம் ஜன்னலை ஒட்டித் தாரணி. ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் அவள் பொறுப்பு. அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. இடப்பக்கம் முழுவதையும் கள மேற்பார்வையாளர் சேனாதிபதியும் அவர் அக்கா மகன் சிவமுருகனும் பிடித்திருந்தார்கள். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் இரண்டு பேர். இந்துவுக்கு மிஞ்சியது பிரிண்டருக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி. யாராவது தாள் எடுக்க எழுந்தால் அவள் முழங்காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சேனாதிபதி அன்றைக்கு நிறையத் தாள் எடுத்தார்.

காசநோய்க்கு எதிராகப் பல நாடுகளில் வேலை செய்யும் அமைப்பு அது. ஒவ்வொரு மலை வட்டாரத்துக்கும் இனி அந்த வட்டாரத்து ஆளையே தலைவராக்குவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. தேர்வாகிறவருக்கு ஓராண்டுப் பயிற்சி, டெல்லியில் பாதி, வெளிநாட்டில் பாதி. முடித்து வந்தால் கொடைக்கானல் வட்டாரம் அவர் கையில். இதுவரை வந்த தலைவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஒவ்வொருவரும் குளிர் வெறுத்துப்போகும் வரை இருந்தார்கள். அந்தப் பொறுப்புக்கு இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள், இந்துவும் சிவமுருகனும்.

"பேப்பர்ல உள்ளூர் ஆளுன்னு தெளிவாப் போட்டிருக்குங்க சார்," என்று ஆரம்பித்தார் சேனாதிபதி. "எங்க குடும்பம் மூணு தலமுறையா பழனி அடிவாரத்துல கடை வச்சிருக்கு. மாலை போட்டு வர்ற சாமிங்களே எங்க கடையக் கேட்டுத்தான் வருவாங்க. இந்தப் பொண்ணு யாருங்க? கப்பல்ல வந்து எறங்குன கூட்டம். சிலோன்காரங்க."

"கப்பல நான் படத்துலதாண்ணே பாத்திருக்கேன்," என்றாள் இந்து. "பொறந்தது திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி. உங்க கடை மலைக்குக் கீழ இருக்கு. வேலை மலைமேல. நீங்க உள்ளூரா, நான் உள்ளூரான்னு பஸ் டிக்கெட்டப் பாத்தாலே தெரியும்."

சிவமுருகனுக்குச் சிரிப்பு வந்தது. மாமா திரும்பியதும் அதை இருமலாக்கினான்.

"ப்ளீஸ், பெர்சனலா போக வேண்டாம்," என்றாள் தாரணி. "ஹெட் ஆபீஸ் இந்துவைக் கேக்கறதுக்குக் காரணம் ஒரே கேம்ப். அந்த காப்பி எஸ்டேட். ஒரு காலையில ஒன்பது கேஸ். அதே எஸ்டேட்ல அதுக்கு முன்னாடி சிவமுருகன் நடத்தின ரெண்டு கேம்ப்லயும் ஜீரோ."

"அந்த ஒன்பது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க," என்றார் சேனாதிபதி.

எப்படி வந்தது என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். தாண்டிக்குடிக்குக் கீழே இருந்தது அந்தத் தோட்டம். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கிருந்த சொற்களையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் களம் அவர்களுக்குப் பெரட்டு. வரிசை வீடுகள் லயம். மேலாளர் தொரை. ஒரு நாள் கூலி ஒரு பேர், பாதி நாள் கூலி அரைப்பேர். பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரி "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். படுத்துக் கிடப்பவளின் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துச் செய்து முடிப்பார்கள். கங்காணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். தொரைக்குத் தெரியாது. இதை ஏமாற்று என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று அமைப்பு தன் சளிப் பரிசோதனை முகாமை அந்தப் பெரட்டில்தான் போட்டது. சிவமுருகன் பேர் கூப்பிட்டான், சளி துப்பக் கோப்பை கொடுத்தான். லயத்தில் இருமிக்கொண்டு கிடந்தவர்களின் கோப்பையையும், பழகிய வழக்கப்படி, நல்ல உடம்புக்காரர்களே வாங்கித் துப்பிக் கொடுத்தார்கள். நோயாளி ஒருவர்கூட அகப்படவில்லை. மூன்றாவது முகாமுக்கு இந்து போனாள். "மூக்கம்மா" என்று கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று வந்தது கருப்பம்மாளின் குரல். அந்த லயத்திலேயே வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? "இது கருப்பம்மா அத்தை கொரலு. மூக்கம்மா சித்தி எங்க?" என்று, வேலை மும்முரத்தில், உரக்கவே கேட்டுவிட்டாள். தொரை அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவரே லயத்துக்கு ஆளனுப்பினார். அன்றைக்கு அதன்பின் ஒவ்வொரு பேருக்கும் ஆள் நேரில் வர வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒன்பது பேருக்கு நோய். ஒன்பது பேரும் ஆறு மாதம் மாத்திரை தின்று தேறினார்கள். ஆனால் ஒன்பது பேரின் பேரையும் முகாம் நடந்த வாரமே தொரை வருகைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்.

பிறகு இந்துவின் அம்மா பாண்டியம்மாளிடம் லயத்தில் ஒருவரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அவள் கன்னிவாடியில் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

"நான் என்ன சொல்றேன்னா சார்," சேனாதிபதி பென்சிலை மேசையில் தட்டினார், "இந்தப் பொண்ண அதுக சாதிசனமே வாசப்படி ஏத்தாது. எங்க ஆளுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் என்ன உள்ளூரு?"

டாக்டர் இராமலிங்கம் மப்ளரைச் சரிசெய்தார். சண்டையை அவர் தீர்க்கவில்லை. அதற்கு ஒரு தாள் போதும் என்று பட்டது அவருக்கு. "அந்த எஸ்டேட் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்ட ஆதரவுக் கடிதம் ஒண்ணு வேணும், இந்து. டெல்லியில அசல் கேக்கறாங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தபால்ல சேத்துட்டீங்கன்னா உங்க பேரு. இல்லேன்னா சிவமுருகன்."

"எங்கிட்டயும் அடிவாரத்து ஆளுங்க கையெழுத்துக் கேப்பீங்களா சார்?" என்றான் சிவமுருகன். மாமாவின் முழங்கை அவன் விலாவில் பட்டது.

"ஒனக்கெதுக்குடா அந்தச் சோலி?"

இந்து எழுந்தாள். பிரிண்டரில் சிக்கிக்கிடந்த சேனாதிபதியின் கடைசித் தாளை இழுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில் ஏறினாள். பெருமாள்மலை வளைவுகளில் மேகம் ரோட்டிலேயே கிடந்தது. பண்ணைக்காட்டில் பாதிப் பேர் இறங்கிப் போனார்கள். தோட்டத்து வாசலில் இறங்கினாள்.

பத்து மணி, தேத்தண்ணி நேரம். காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் கங்காணி இருளப்பன் கல்மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். மூக்கம்மாவும் இருந்தாள், கூலிக்கு அல்ல, புருஷனுக்குத் தூக்குவாளி கொண்டுவந்தவள். இந்துவைப் பார்த்ததும் டம்ளர்கள் கீழே இறங்கின. கருப்பம்மாள் தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னாடி, கோப்பையோட வந்திருக்கியா?" என்றாள் மூக்கம்மா. "இங்கனயே துப்பவா, இல்ல தொரையக் கூப்பிட்டு அவரு முன்னாடி துப்பவா?"

பெண்கள் சிரித்தார்கள். இனிமையான சிரிப்பு இல்லை.

"ஒரு கடுதாசி வேணும் சித்தி," என்றாள் இந்து. எதற்கு என்பதை நின்றபடியே, விடாமல், வரிசையாகச் சொன்னாள். பொறுப்பு, பயிற்சி, சேனாதிபதி சொன்னது, டாக்டர் கேட்டது. உட்காரச் சொல்லி யாரும் கை காட்டவில்லை. வாளியிலிருந்த தேத்தண்ணி எல்லாருடைய டம்ளருக்கும் போயிற்று, அவளைத் தாண்டி.

"அதாவது," என்றார் இருளப்பன், "எங்க ஆளுகளக் காட்டிக் குடுத்துப்புட்டு, நீ எங்க ஆளுதான்னு எங்ககிட்டயே எழுதி வாங்க வந்திருக்க."

"ஆமாம் மாமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதுக்காக வராம இருந்தா பழனிக்காரவுக பையன் வருவான். அவன் பேரக் கூப்பிடுவான், நீங்க கொரல் குடுப்பீங்க. அவனுக்குச் சோலி முடிஞ்சிரும். கெடக்குறவங்க கெடப்பாங்க."

"கெடந்தாலும் எங்க பேரு இருந்துச்சுடி!" மூக்கம்மா டம்ளரைக் கல்லில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி சிந்தியது. "இருமிக்கிட்டுக் கெடந்தேன், ஆனா பெரட்டுல எம்பேரு இருந்துச்சு. இப்ப தெம்பா நிக்கிறேன், பேரு இல்ல. புருசன் சம்பளத்துல உக்காந்து திங்கிறேன். ஒரு கிலோ கறி எடுக்க அவங்கிட்ட கை நீட்டுறேன். ஓங்க மாத்திரைக்கு இதுவும் ஒரு சைடு எபக்டா?"

"செத்திருப்பீங்க சித்தி."

"தெரியும்டி! அது தெரியாமயா ஒன்னய இன்னும் அடிக்காம நிக்கிறேன்?"

இருளப்பன் எழுந்து நாலடி தள்ளிப் போய், மிளகுக்கொடி ஏறிய கல்யாண முருங்கை மரத்தடியில் நின்று அவளை வரச் சொன்னார். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் மவன் வேல்ராஜு ஒரு மாசமா இருமுறான். ராத்திரி சட்டையெல்லாம் நனைஞ்சிருது. அவன் பேரக் கூப்பிடுறதும் நாந்தான், அவனுக்குக் கொரல் குடுக்கிறதும் நாந்தான். ஒருத்தனுக்கும் சொல்ல ஏலாது. வெளங்குதா?"

இந்து பையைத் திறந்தாள். கோப்பை இருந்தது, எப்போதும் இருக்கும். மூடியோடு எடுத்து நீட்டினாள். "காலையில எந்திரிச்சதும், வாய் கொப்புளிச்சிட்டு, நெஞ்சுக்குள்ளருந்து இருமி எடுக்கச் சொல்லுங்க. தாண்டிக்குடி ஆஸ்பத்திரிக்கு நீங்களே கொண்டு போங்க. தோட்டத்துப் பதிவுல இருக்கிற பேர் சொல்ல வேணாம், வீட்டுல கூப்பிடுற பேர் போதும்."

அவர் அதைச் சோற்றுத்துணியில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லவில்லை. திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்து, "எழுதிக் குடுத்துத் தொலைங்கம்மா," என்றார் பெண்களிடம்.

"நான் சொல்லுவேன், அவ எழுதட்டும்," என்றாள் மூக்கம்மா. "ஒரு சொல்லு மாத்துனாலும் எனக்குத் தெரிஞ்சிரும். எனக்கு வாசிக்கத் தெரியும்."

இந்து களத்தின் விளிம்பில் குத்தவைத்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினாள். மூக்கம்மா நின்றுகொண்டு சொன்னாள். எழுதி முடித்தபோது கடிதம் இப்படி இருந்தது:

'டெல்லியில் உள்ள ஐயாமாருக்கு. இந்து எங்கள் லயத்துப் பிள்ளைதான். எங்கள் பிள்ளையாக இருந்ததால்தான் எங்கள் குரலைக் கண்டுபிடித்தாள். வேறு ஆளாக இருந்தால் ஏமாற்றி அனுப்பியிருப்போம், முன்பு இரண்டு தடவை அனுப்பினோம். அவளால் நான் உயிரோடு இருக்கிறேன். அவளால் எனக்கு வேலை இல்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவளைப் பிடிக்காது. ஆனாலும் அவளுக்கு வேலை கொடுங்கள். கொடுத்தால் அவள் பெரட்டுக்கு வரக் கூடாது, லயத்துக்கு வர வேண்டும். தொரையோ அவர் ஆளோ கூட வரக் கூடாது. யாருக்கு நோய் என்பது தோட்டத்து ஆபீசுக்குப் போகக் கூடாது. வெட்டிய ஒன்பது பேரைத் திரும்ப எழுதச் சொல்லி நீங்கள் தொரைக்குக் கடிதம் போட வேண்டும். இதற்குச் சம்மதம் இல்லை என்றால் கீழே உள்ள கையெழுத்து எதுவும் செல்லாது.'

முதல் தாள் அதோடு நிறைந்துவிட்டது. கையெழுத்துகள் இரண்டாவது தாளில் விழுந்தன. கருப்பம்மாள் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டிப் பேனாவை வாங்கினாள். இருளப்பன் எல்லாருக்கும் கீழே போட்டார். மூக்கம்மா இரண்டு தாளையும் வாங்கி, உதடு அசைய முழுவதும் வாசித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"போ. வெரசா போ. பஸ்ஸு போயிரும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாரணி கேட்டிருந்தபடி கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பண்ணைக்காடு தாண்டியதும் தாரணியே கூப்பிட்டாள்.

"இந்து, இது சப்போர்ட் லெட்டரா? கம்ப்ளெயின்ட் லெட்டர். 'எங்களுக்கு அவளைப் பிடிக்காது'ன்னு எழுதியிருக்கு. நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க!"

"அவங்க சொன்னாங்க, எழுதினேன் மேடம்."

"சரி, கேளுங்க. சைன் எல்லாம் செகண்ட் பேஜ்லதானே இருக்கு? முதல் பேஜை மட்டும் வேற எழுதி வச்சிடுங்க. நான் டிராஃப்ட் அனுப்பறேன்."

இது இந்துவுக்குப் புது யோசனை இல்லை. களத்து விளிம்பில் இரண்டாவது தாளைத் திருப்பியபோதே அவளுக்குத் தோன்றியிருந்தது. பையில் அதே மாதிரித் தாள்கள் இருந்தன, அதே பேனா இருந்தது.

"அதுக்குப் பேரு பித்தலாட்டம் மேடம்."

"எடிட்டிங். இந்து, புரிஞ்சுக்கங்க. பெரட்டுல நடத்தக் கூடாதுன்னா மாடலே போச்சு. டெல்லியில அதைத்தான் அஞ்சு ஸ்டேட்டுக்குக் கொண்டு போறாங்க. மஸ்டர்ல பேர் கூப்பிடற டைம், எல்லாரும் ஒரே இடம், குரல் தெரிஞ்ச லோக்கல் ஆள் ஒருத்தர். உங்க டிரெயினிங்கே அதுக்குத்தான். ஒவ்வொரு எஸ்டேட்லயும் உங்களை மாதிரி ஒருத்தரைக் கண்டுபிடிச்சு, அவங்களைத் தயார் பண்ணணும் நீங்க."

"காட்டிக் குடுக்கவா?"

"இப்படியெல்லாம் பேசினா நான் உங்களுக்காகச் சண்டை போட முடியாது. ஒரு வருஷமா சேனாதிபதி சார்கூட நான்தான் மோதிட்டிருக்கேன், தெரியும்ல?" என்று சொல்லித் தாரணி வைத்துவிட்டாள். அடுத்த வளைவுக்குள் டிராஃப்ட் வந்து சேர்ந்தது. அழகான தமிழ். 'எங்கள் அன்புக்குரிய இந்து' என்று தொடங்கியது.

இந்து அதை இரண்டு முறை வாசித்தாள். அந்த லயத்தில் யாரும் யாரையும் அன்புக்குரியவர் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. எட்டு வருஷமாக அடுத்தவர்களுக்குக் கீழே ஓடியிருக்கிறாள். வந்த ஒவ்வொரு தலைவருக்கும் எந்த லயம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்திருக்கிறாள். இந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டும். ஆசையாக இல்லை, பசியாக இருந்தது. வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எரிச்சலும். பெருமாள்மலையில் பஸ் நின்றபோது பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து முழங்காலில் வைத்தாள். 'டெல்லியில் உள்ள' வரை எழுதினாள். மூக்கம்மாவின் கோபத்துக்குப் பதிலாக எதை எழுதினாலும் அது வேறு ஒருத்தி பேருக்கு இவள் கொடுக்கும் குரல்தான். அந்தக் குரலைத் தொரைக்கு முன்னால் பிடித்துக் கொடுத்தவளும் இவள்தான். தாளைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனாள், குரங்குகள் எடுக்கும் என்று பையிலேயே போட்டுக்கொண்டாள்.

கொடைக்கானல் தபால் நிலையத்து வராந்தாவில் சேனாதிபதி நின்றிருந்தார், கையில் சிவமுருகனின் விண்ணப்ப உறையோடு. அவசரப்படாமல் நின்றார். அவள் கடிதத்தோடு வராவிட்டால் அதைத் தபாலில் சேர்க்கக் காத்திருந்தார்.

"என்னம்மா, தேத்தண்ணியாவது ஊத்துனாங்களா?"

"இல்லண்ணே."

"கையெழுத்து?"

அவள் இரண்டு தாளையும் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். 'எங்களுக்கு அவளைப் பிடிக்காது' என்ற இடத்தில் முகம் மலர்ந்தது. அடுத்தடுத்த வரிகளில் மலர்ச்சி குறைந்தது. "முன்பு இரண்டு தடவை" என்பதை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்.

"இத அனுப்பப் போறியா? எங்க பையன் பேரையும் கெடுத்து, ஒம்பேரையும் கெடுத்து? தொரைக்குக் கடுதாசி போடச் சொன்னா டெல்லிக்காரன் போடுவானா? ஒன்னயத் தூக்கிக் கடாசிருவான்."

"கடாசட்டும். அப்ப உங்க பையன் பேரு டெல்லிக்குப் போகும். அவன் கூப்பிடுற பேருக்கெல்லாம் அந்தத் தோட்டத்துல யாராச்சும் இருக்கேன்னு கொரல் குடுப்பாங்க."

"வாய் மட்டும் குறையல."

"வளந்த எடம் அப்படிண்ணே. உள்ளூரு."

உள்ளே கவுன்ட்டரில் எழுத்தர் தபால் பையின் வாயைச் சுருக்கத் தொடங்கியிருந்தார். "ஸ்பீட் போஸ்ட்டாம்மா? இப்ப மூடிருவேன். ஒட்டுறதா இருந்தா ஒட்டிக் குடுங்க."

"ஒரு வரி இருக்குங்க சார்."

"நேரமாச்சும்மா!"

இருளப்பனின் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. மேசையில் சங்கிலி கட்டிய பேனா எழுதவில்லை, தன் பேனாவை எடுத்தாள். 'மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் எனக்குச் சம்மதம். இதற்கு ஒத்துக்கொண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். பெரட்டில் நான் பேர் கூப்பிட மாட்டேன், கூப்பிட யாருக்கும் சொல்லித் தரவும் மாட்டேன்.' கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். தாள்களை மூன்றாக மடித்தாள்; மடிப்பு நேராக விழவில்லை, பிரித்து மறுபடி மடித்தாள். உறைக்குள் வைத்து, கோந்து தடவி, விளிம்பை ஆள்காட்டி விரலால் அழுத்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேய்த்தாள்.

எழுத்தர் உறையை வாங்கி எடைத்தட்டில் போட்டார், பார்கோடு ஒட்டினார், முத்திரையை ஓங்கிக் குத்தினார். திரும்பிப் பார்க்காமலே பைக்குள் எறிந்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.